தொலைகாட்டியும் கணனித் திட்டமிடலும்

தொலைகாட்டியைக் கையாள்வோன் வானை நோக்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். விரும்பிய பொருள் எப்பொழுது தென்படும்? கருவியின் பார்வைப் பரப்பினுள் அஃது அடங்குமா? தெளிவுறப் பதிவாதற்கு எத்துணை நேரம் வேண்டும்? முன்னையோர் இவற்றை அட்டவணைகளாலும் விண்மீன் படங்களாலும் கைக்கணக்காலும் அறிந்தனர். இக்காலத்தில் அப்பணியைக் கணனிச் செய்நிரல்கள் ஏற்றுள்ளன. அவற்றுள் ஒன்றன் இயல்பினை ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

இத்திட்டமிடல் இன்றியமையாதது ஏன் எனின், பெருந் தொலைகாட்டிகளின் நேரம் அரிதினும் அரிது. 2021 ஆம் ஆண்டு டிசெம்பர் 25 ஆந் திகதி ஏவப்பட்ட யேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டியின் நான்காஞ் சுற்றுக்கு, 2024 ஆம் ஆண்டு ஒக்ரோபரில், 2,377 முன்மொழிவுகள் வந்தன. அவை வேண்டிய நேரம் ஏறத்தாழ 78,000 மணி. வழங்கக்கூடியதோ ஏறக்குறைய அதன் ஒன்பதிலொரு பங்கேயாம்.

அன்றியும், வெப் விரும்பிய திசையெல்லாம் திரும்ப இயலாது. அதன் குளிர்ந்த ஆடியை ஞாயிற்றின் வெப்பத்தினின்றும் ஐந்தடுக்குத் திரையொன்று காக்கின்றது. அக்காவல் குன்றாதிருத்தற்பொருட்டு, ஞாயிற்றினின்று 85 பாகை முதல் 135 பாகை வரையுள்ள வான்பகுதியையே அது நோக்கும்.

இடப இராசியிலுள்ள நண்டு நெபுலாவை எடுத்துக்கொள்வோம். 1054 ஆம் ஆண்டிற் சீனர் கண்டு குறித்த விண்மீன் வெடிப்பின் எச்சம் அது. டிசெம்பர் மாத நள்ளிரவில் நம் நாட்டு வானின் உச்சியை அணுகி நிற்கும். ஆயின், அப்பொழுது அது ஞாயிற்றுக்கு நேரெதிரே உள்ளமையால் வெப் அதனைக் காணவியலாது. சனவரி இறுதி முதல் மார்ச்சு நடு வரையும், செத்தெம்பர் நடு முதல் நவெம்பர் தொடக்கம் வரையுமே அதற்கு வாய்ப்புண்டு.

இதனை வானியலாளர்க்கு விரைவில் உணர்த்துவது, அமெரிக்காவின் பால்ரிமோர் நகரிலுள்ள விண்வெளித் தொலைகாட்டி அறிவியல் நிலையம் வழங்கும் ‘ஏ. பி. ரி.’ என்னுஞ் செய்நிரல். ஹபிள் தொலைகாட்டிக்கும் இதுவே பயன்படுகின்றது. பொருளின் இடத்தைக் குறித்துக் கொடுத்தால், காணத்தக்க நாள்களை அது வரைந்து காட்டும். பிரான்சின் ஸ்ராஸ்பூர் நகரில் உருவான ‘அலாடின்’ என்னும் வான்படத் தொகுதியின் மீது, கருவியின் பார்வைச் சட்டத்தையும் பொருத்திக் காட்டும். நெபுலா அச்சட்டத்தினும் பெரிதாயின், கூரைக்கு ஓடு வேய்வதுபோற் பல படங்களை விளிம்பின்மேல் விளிம்பாக அடுக்கல் வேண்டும். நாளை மாற்றினாற் சட்டமுந் திரும்பும்; படங்களைக் கூட்டினால் மொத்த நேரமும் ஏறும். தொலைகாட்டி திசை திரும்புதற்கும் வழிகாட்டி விண்மீனைப் பற்றுதற்குஞ் செல்லும் நேரமுங் கணக்கிற் சேரும். இவ்வாறு, வீணாகும் ஒவ்வொரு நாழிகையும் முன்னரே கண்முன் நிற்றலின், ஆய்வாளன் தன் திட்டத்தைத் திருத்தித் திருத்திச் செப்பஞ் செய்கின்றான்.

எனினும், எதனைக் காண்பது, ஏன் காண்பது என்னும் வினாவைச் செய்நிரல் எழுப்பித் தராது; அது மாந்தர் அறிவின்பாற்பட்டது. இச்செய்நிரலை எவரும் விலையின்றிப் பெறலாம். எந்நாட்டினரும் முன்மொழிவு அனுப்பலாம். ஹபிளுக்கு 2018 ஆம் ஆண்டு முதலும், வெப்புக்குத் தொடக்கந்தொட்டும், எழுதியோர் பெயரை மறைத்தே முன்மொழிவுகளை மதிப்பிடுகின்றனர். ஆதலின், பெயர்பெற்ற நிலையத்தார்க்கும் எளிய கல்லூரியார்க்கும் அளவுகோல் ஒன்றே. நம் கல்லூரியிற் கணிதமும் பௌதிகமும் பயிலும் இளைஞர் இதனை உளங்கொள்வாராக. நல்ல வினாவொன்றை எழுப்ப வல்லார்க்கு அப்பெருங் கருவியின் வாயில் திறந்தே உள்ளது.