உங்களுக்குத் தெரியுமா? விளக்கேற்றிய அணுகுண்டுகள்!

அமெரிக்காவை அச்சுறுத்திய சோவியத் காலத்து அணுகுண்டுகளே பின்னாளில் அந்நாட்டு வீடுகளில் விளக்கேற்றின!

● 1993-இல் அமெரிக்காவும் ரஷ்யாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, குண்டுகளிலிருந்து பிரித்தெடுத்த 500 டன் செறிவூட்டிய யுரேனியத்தை ரஷ்யா எரிபொருளாக மாற்றி அமெரிக்காவுக்கு விற்றது. சுமார் 20,000 குண்டுகளுக்கு இது சமம்.

● குண்டுக்கான யுரேனியத்தில் ‘யுரேனியம்-235’ சுமார் 90 சதவீதம் இருக்கும். அதை ஃபுளோரினுடன் சேர்த்து வாயுவாக்கி, செறிவு குறைந்த யுரேனியத்துடன் கலந்தனர். பாலில் தண்ணீர் ஊற்றுவதுபோலத்தான்! 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிய பிறகு அது குண்டுக்கு உதவாது. அணு உலைக்கே உதவும்.

● ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் துறைமுகத்தில் கப்பலேறிய கடைசித் தவணை, 2013 டிசம்பரில் அமெரிக்காவின் பால்டிமோர் சேர்ந்தது.

● இந்த 20 ஆண்டுத் திட்டம், அமெரிக்காவின் மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை அளித்தது.