ரூம் போடுவதற்கு முன்னால்...



'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று பெரியவர்கள் ஆற்றுக்கு மட்டும் சொல்லவில்லை. சென்னையில் லாட்ஜ் படி ஏறுவதற்கும் அது பொருந்தும்.

வெளியூர்களில் இருந்து வந்து படிக்கும் நமக்கு டிப்ளமோ முடிவதற்குள் நாலைந்து தடவையாவது சென்னைப் பயணம் வாய்க்கும். இண்டர்வியூ, அப்ரண்டிஸ் தேர்வு, அக்கா கல்யாணத்துக்குப் புடவை, சேப்பாக்கத்தில் மேட்ச், ஜனவரியில் புத்தகக் காட்சி என்று ஏதாவது ஒன்று வரும். ஒன்றுமே இல்லாவிட்டாலும், "சும்மா ரெண்டு நாள் சுத்திட்டு வரலாம்டா" என்று ஒருவன் ஆரம்பிப்பான். ரயில் டிக்கெட்டை ஒரு மாதம் முன்பே எடுத்து விடுவோம். தங்கும் இடத்தை மட்டும் இறங்கிய பிறகுதான் யோசிப்போம். இரவு முழுக்க உட்கார்ந்து வந்த களைப்பில், கண்ணில் பட்ட முதல் போர்டுக்குள் நுழைந்து விடுவோம்.

நம் ஊரில் 'ஹோட்டல்' என்றால் சாப்பிடும் இடம், 'லாட்ஜ்' என்றால் தங்கும் இடம். செல்போன் ஆப்களில் எல்லாமே ஹோட்டல்தான். பெயர் எதுவானாலும் கேள்வி ஒன்றே: நாம் போகிற வேலைக்கு இந்த அறை பொருந்துமா?

முதலில் லோடு, பிறகு மோட்டார்

ஒரு மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன செய்கிறோம்? முதலில் லோடு என்ன, எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்று கணக்குப் போடுகிறோம். அதற்குப் பிறகுதான் எத்தனை ஹெச்.பி., என்ன விலை என்று பார்க்கிறோம். அறைக்கும் அதே முறைதான். போகும் வேலை என்ன? எத்தனை மணிக்கு? எந்தப் பகுதியில்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் "வாடகை எவ்வளவு சார்?" என்று கேட்பது வீண்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. வேலை இருக்கும் இடத்துக்கு அருகில் ஓர் அறை ஆயிரம் ரூபாய்; தொலைவில் ஒன்று எழுநூறு ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். முந்நூறு லாபம் என்று தோன்றும். ஆனால் தொலைவான அறையில் இருந்து போக வர ஆட்டோவுக்கு நானூறு கொடுத்தால் எழுநூறு ஆயிரத்து நூறாகி விடுகிறது. டிராபிக்கில் போகும் இரண்டு மணி நேரம் தனி. போர்டில் எழுதியிருப்பது வாடகை மட்டும். பயணம், சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் கூட்டினால்தான் உண்மையான செலவு தெரியும்.

சென்னையை ஒரு கோடாகப் பாருங்கள்

சென்னையில் அறை தேடுபவர் மனதில் வைக்க வேண்டிய வரைபடம் பீச் – தாம்பரம் மின்சார ரயில் பாதை. 1931-ல் மின்மயமான இந்தப் பாதையில் பூங்கா நிலையம் (எதிரே சென்ட்ரல்), எழும்பூர், மாம்பலம் (தி.நகர்), கிண்டி, தாம்பரம் எல்லாம் வரிசையாக வருகின்றன. 2015-ல் ஓடத் தொடங்கிய மெட்ரோ இன்று சென்ட்ரல், எழும்பூர், கோயம்பேடு, கிண்டி, விமான நிலையம் ஆகியவற்றை இணைக்கிறது. ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் அறை இருந்தால் பாதி நகரம் கைக்குள் வந்தது போல.

பஸ்ஸில் வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "கோயம்பேட்டில் இறங்கி, அங்கேயே ரூம் போட்டுடு" என்பது அண்ணன்மார் காலத்து அறிவுரை. கோயம்பேடு பஸ் நிலையம் 2002-ல் திறந்தது. 2023 டிசம்பர் 30 அன்று வண்டலூர் அருகே கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு, திருச்சி, மதுரை, நெல்லைப் பக்கம் போகும் பஸ்கள் அங்கே மாறிவிட்டன. அது சென்ட்ரலில் இருந்து சுமார் 30 கி.மீ. விடியற்காலையில் அங்கே இறங்குபவர் கோயம்பேட்டில் அறை எடுப்பதில் அர்த்தம் இல்லை. கிண்டியிலோ தாம்பரத்திலோ வேலை என்றால் அந்தப் பக்கத்திலேயே தேடுவது நல்லது.

வேலைக்கு ஏற்ற பேட்டை

1. இண்டர்வியூ, தேர்வு: இதில் முதல் தேவை தூக்கம், இரண்டாவது, காலையில் தண்ணீர். மற்றதெல்லாம் பிறகு. கிண்டி தொழிற்பேட்டை என்றால் (1958-ல் தொடங்கியது) கிண்டி, சைதாப்பேட்டை, அல்லது ரயிலில் வந்துவிடக் கூடிய எழும்பூர். அம்பத்தூர், ஆவடி என்றால் சென்ட்ரல் பக்கம். அங்கிருந்து நேரடி மின்சார ரயில் உண்டு. மறைமலை நகர், ஒரகடம் என்றால் தாம்பரம். இதை விட்டுவிட்டு, 'சிட்டிக்குள்ள இருக்கலாம்' என்று திருவல்லிக்கேணியில் தங்கி ஒரகடத்துக்குக் காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர நினைப்பது நடக்காத காரியம்.

நம் சீனியர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வாடகை குறைவு என்று ஒரு கல்யாண மண்டபத்தை ஒட்டிய லாட்ஜில் முதல் மாடி அறை எடுத்தார். இரவு ஒரு மணி வரை மேளமும் மைக்கும், அதன் பிறகு ஜெனரேட்டர். காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் இல்லை. ஆப்டிட்யூட் டெஸ்டில் தெரிந்த கணக்கையே தப்பாகப் போட்டுவிட்டு வந்தார். லாட்ஜில் மிச்சம் பிடித்தது இருநூறு ரூபாய். இழந்தது வேலை.

2. மேட்ச், மெரினா: இதற்குத் திருவல்லிக்கேணிதான். சேப்பாக்கம் மைதானம், கடற்கரை, பார்த்தசாரதி கோயில் எல்லாம் நடக்கும் தூரம். பேச்சிலர்கள் தங்கும் 'மேன்ஷன்'களுக்கும் மெஸ்களுக்கும் பேர் போன பேட்டை. மேன்ஷனில் அறை சிறியது, பல இடங்களில் குளியலறை பொது. இரவு படுக்க மட்டும் இடம் வேண்டும் என்கிற நாலு பசங்களுக்கு அது போதும். அப்பா அம்மாவோடு போனால் அங்கே திண்டாட வேண்டியதுதான். மேட்ச் தினத்தில் வாடகை ஏறும் என்பதால் முன்பே பேசி வைப்பது உத்தமம்.

3. மியூசியம், நூலகம், புத்தகக் காட்சி: எழும்பூரில் தங்குங்கள். 1851-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகமும், 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகமும் ஒரே வளாகத்தில், பாந்தியன் சாலையில் இருக்கின்றன. ஸ்டேஷனில் இருந்து நடந்தே போகலாம். 1988-ல் அமைந்த பிர்லா கோளரங்கமும், 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும் கோட்டூர்புரத்தில் பக்கத்துப் பக்கத்தில் உள்ளன. ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானப் புத்தகக் காட்சிக்குப் போவோர், திரும்பும்போது பை கனக்கும் என்பதை நினைவில் வைத்து மெட்ரோ ஓரமாக அறை பார்க்கலாம்.

4. கல்யாண ஜவுளி: தி.நகர், மாம்பலம். ரங்கநாதன் தெரு மாம்பலம் ஸ்டேஷன் வாசலிலேயே ஆரம்பிக்கிறது. 2023-ல் திறந்த ஆகாய நடைபாதையில் ஸ்டேஷனில் இருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை நெரிசல் இல்லாமல் வரலாம். இங்கே அருகாமைக்குத் தனி மதிப்பு உண்டு. மதியம் பைகளை அறையில் வைத்துவிட்டு, பாட்டியைப் படுக்க வைத்துவிட்டு, மறுபடி கடைக்குப் போகலாம். அறை எடுக்கும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றாம் மாடிக்கு மூட்டை தூக்கியவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

5. மார்கழிக் கச்சேரி, கோயில்: டிசம்பர் நடுவில் இருந்து சபாக்களில் இசை விழா. மயிலாப்பூர், ஆழ்வார்ப்பேட்டை, ராயப்பேட்டைப் பக்கம் தங்கினால் சபாக்களும் கபாலீசுவரர் கோயிலும் அருகில். சாப்பாட்டுக்குச் சபா கேண்டீனே போதும். ராத்திரி கச்சேரி முடிந்து திரும்பும்போது வாசல் கேட்டைப் பூட்டி விடுவார்களா என்பதை முன்பே கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்.

மாணவிகளுக்காக...

இந்தக் கட்டுரையில் நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதி இது. நம் வகுப்புத் தோழிகள் சிலருக்கு வேலை கைநழுவுவது மார்க் குறைவால் அல்ல. "அங்க போயி எங்க தங்குவே?" என்று வீட்டில் கேட்கும் ஒரே கேள்விக்குப் பதில் இல்லாததால். இண்டர்வியூ கார்டு அலமாரியிலேயே தங்கிவிடுகிறது.

பெற்றோர் பயம் நியாயமானது. அதைக் கோபத்தால் தீர்க்க முடியாது, விவரத்தால் தீர்க்கலாம். லாட்ஜின் பெயர், முகவரி, வரவேற்பறை போன் நம்பர், ஸ்டேஷனில் இருந்து எத்தனை நிமிடம் என்பதை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுங்கள். அவரையே ஒரு தடவை போன் செய்து பேசச் சொல்லுங்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. விருந்தினர் இல்லம் போன்ற இடங்களை முதலில் விசாரியுங்கள். இருவர் மூவராகச் சேர்ந்து போனால் செலவும் பங்கு, பயமும் பங்கு. அறைக்குள் நுழைந்ததும் உள்தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, குளியலறை வென்டிலேட்டர் மூன்றையும் பாருங்கள். திருப்தி இல்லையென்றால், கூச்சப்படாமல் வேறு அறை கேளுங்கள்.

கவுண்டரில் கேட்க வேண்டியவை

செக்-அவுட் எப்போது? இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சில லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு: இன்று காலை 6-க்கு நுழைந்தால் நாளை காலை 6 வரை. வேறு சில இடங்களில் நண்பகல் 12 மணிக் கணக்கு: காலை 6-க்கு நுழைந்தவரிடம் அன்று பகல் 12 மணிக்கே ஒரு நாள் முடிந்தது என்பார்கள். காலை ரயிலில் இறங்கி மறுநாள் விடியற்காலை ரயில் ஏறுபவருக்கு 24 மணி நேரக் கணக்கு லாபம். இரவு வந்து மறுநாள் காலையில் கிளம்புபவருக்கு எதுவானாலும் ஒன்றுதான்.

வரி எவ்வளவு? நாள் வாடகை 1,000 ரூபாய்க்குக் கீழ் இருந்த அறைக்கு 2022 ஜூலை 18 வரை ஜி.எஸ்.டி. கிடையாது. அதன் பிறகு 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல், 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதம். பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் வரி மட்டும் வாங்கினால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அடையாள அட்டை? ஒவ்வொருவரும் கொண்டு போக வேண்டும். ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் 'மறைக்கப்பட்ட ஆதார்' நகலை இணையத்தில் எடுத்து வைத்துக் கொள்ளலாம். முதலாம் ஆண்டுத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: 18 வயது நிறையாதவருக்குத் தனியாக அறை தரப் பல இடங்களில் தயங்குவார்கள். பெரியவர் ஒருவரோடு போவதே நல்லது.

வெந்நீர் எத்தனை மணிக்கு? எக்ஸ்ட்ரா பெட்டுக்கு எவ்வளவு? அட்வான்ஸுக்கு ரசீது உண்டா? இந்த மூன்றையும் கேட்டுவிட்டு, பணம் கட்டும் முன் அறையைப் போய்ப் பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள், ஃபேனைப் போட்டுப் பாருங்கள், படுக்கை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஆப்பில் காட்டும் போட்டோ அறையின் போட்டோதான் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

குளித்து உடை மாற்ற மட்டும் இடம் வேண்டும் என்றால் ஒரு நாள் வாடகை எதற்கு? பெரிய ரயில் நிலையங்களில் உள்ள ரிடையரிங் ரூம், டார்மிட்டரி படுக்கைகளை, உறுதியான டிக்கெட்டோ ஆர்.ஏ.சி.யோ வைத்திருப்பவர் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு இணையத்திலேயே பதிவு செய்யலாம்.

ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு வருடமும் நம் பேட்ச் போய்ப் பட்டு அறிந்ததை அடுத்த பேட்ச் மறுபடியும் முதலில் இருந்து பட்டு அறிகிறது. இது தேவையா? மாணவர் சங்க அறையில் ஒரு நீண்ட நோட்டு வைப்போம். சென்னை மட்டுமல்ல, கோவை, திருச்சி, ஓசூர் என்று எங்கே போய்த் தங்கி வந்தாலும் பேட்டை, வாடகை, தண்ணீர், சத்தம், பக்கத்து மெஸ், 'பெண்கள் தங்கலாமா' என்று ஆறு விவரங்களை ஒரே வரியில் எழுதி வைப்போம். தேதியும் போட வேண்டும். வாடகை மாறிக்கொண்டே இருக்கும்.

நாளைக்கு ஒரு தங்கை அந்த நோட்டைப் பார்த்து, அப்பாவிடம் முகவரியைக் காட்டி, இண்டர்வியூவுக்குக் கிளம்பினால் அதுவே நம் சங்கத்தின் சாதனை. நோட்டு வாங்க முப்பது நாற்பது ரூபாய் ஆகும். முதல் பக்கத்தை யார் எழுதப் போகிறீர்கள்?