நெகிழ்வதே நிலைக்கும்

1938ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை ஒரு பாய்க்கப்பல் சென்றடைந்தது. அதன் புதுப்பெயர் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்', பழைய பெயரோ 'அன்னபூரணி'. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அம்மரக்கலத்தை வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்க, அவ்வூர் மாலுமிகளே கடல் பல கடந்து அதனைச் செலுத்திச் சென்றனர். அவர்தம் துணிவை நாம் இன்றும் புகழ்கின்றோம். ஆயின், மரக்கலத்தின் பலகைகளிடையே நீர் புகாது காப்பது எது, பாய்மரத்தைப் பிடித்து நிறுத்துவது எது என்று வினவுவோர் மிகச் சிலரே.

மரம் நீரில் ஊறினாற் பருக்கும்; வெயிலிற் காய்ந்தாற் சுருங்கும். ஆகவே பலகை இணைப்பை அடைக்கும் பொருளும் அதனோடு அசைந்து கொடுத்தல் வேண்டும். இவ்வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். பஞ்சுத் திரியை உளிகொண்டு இணைப்பினுட் செலுத்தி, எண்ணெயிற் காய்ச்சிய குங்கிலியத்தை மேலே பூசுவது நம் ஓடாவியர் கையாண்ட முறை. எண்ணெய் குறைந்தாற் பூச்சு வெடிக்கும். மிகுந்தால் வெயிலில் உருகி வழியும். அளவறிதலே அங்குக் கைத்திறன்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலருடன் கடற்கரைக்குச் சென்றபோது, கரையேற்றி வைத்திருந்த மரவள்ளம் ஒன்றைக் கண்டோம். இணைப்புகளில் இட்ட பசை கல்லாய் இறுகி, நீள வெடித்திருந்தது. "கல்லுமாதிரி இறுகுமெண்டு சொல்லித்தான் தந்தவங்கள், மாஸ்ரர்" என்றார் வள்ளக்காரர். அந்தக் கல்தன்மையே கேடாயிற்று. வாடைக்காற்றுத் தொடங்குமுன் தொழிலுக்குப் போகவேண்டிய நாட்களை அவர் கரையிலேயே கழித்தார். மரவள்ளத்தின் இணைப்புக்கு, காய்ந்தபின்னும் இறப்பர்போல நெகிழும் பொலியுரேத்தேன் வகைப் பசையே பொருந்தும். அது மிக உறுதியாக ஒட்டுவதால், பின்னர் கழற்றவேண்டிய உறுப்புகளுக்கு அதனை இடலாகாது.

கயிற்றுக்கும் இவ்வாறே தெரிவு வேண்டும். தென்னந்தும்புக் கயிறு உப்புநீரில் எளிதில் உக்காது. இழுத்தால் நீண்டும் கொடுக்கும். அலையின் அதிர்ச்சியைத் தாங்கவேண்டிய நங்கூரத்துக்கு அக்குணம் நன்று. பாய்மரத்தை இறுகப் பிடிக்கும் கயிறோ நீளலாகாது. இக்காலத்தில் முன்னையதற்கு நைலோனும், பின்னையதற்குப் பொலியெஸ்ரரும் உதவும். மலிவான பொலிபுறப்பலீன் கயிறு நீரில் மிதக்கும்; எனினும் வெயிலில் நாளடைவில் நொறுங்கும்.

ஆதலின், மாணவர்காள், ஒரு பொருளை வாங்குமுன் அது எவ்வளவு வலியது என்று மட்டும் கேளாதீர்கள். எதனோடு சேர்ந்து, எதனைத் தாங்க வேண்டியது என்றும் கேளுங்கள். கரையில் இக்கேள்வியைக் கேட்டவனே கடலிலிருந்து வீடு திரும்புவான்.