நீலகிரிக் குழந்தைகளின் ஆகாரம்

பசித்த வயிற்றோடு வரும் குழந்தைக்கு அக்ஷரம் ஏறாது என்பதைத் திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயரும் அறிந்திருந்தார். அறிந்தும் என்ன? குழந்தையின் வயிறு பெற்றோரின் கவலை, அதன் படிப்பு மட்டுமே பாடசாலையின் கவலை என்று நெடுங்காலம் பிரித்து வைத்திருந்தோம். இப்பிரிவு தவறு என்பதைச் சாஸ்திர ரீதியாக ருசுப்படுத்தும் வேலையில் ஒரு பெரும் பகுதி நமது நீலகிரியிலே, குன்னூரிலே நடைபெற்றது என்பதை நம்மவரில் பலர் அறியார். அம்மலையின் ஆரம்பப் பாடசாலைகளில் இன்று பயிலும் குழந்தைகளின் தேக நிலையைக் கருதும் எவரும் அவ்வரலாற்றை நினைவுகூர்தல் அவசியம்.

வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்காகக் குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-ம் வருஷத்தில் ஏற்பட்டது. 1918-ல் அந்நிலையத்தின் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மக்காரிஸன் என்னும் வைத்தியர் பெரிபெரி நோயைக் குறித்து ஆராயத் தொடங்கினார். அவ்வறையே 1928-ல் போஷணை ஆராய்ச்சிச் சாலையாக வளர்ந்தது. 1958-ல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்தது. 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரோடு விளங்கி வருகிறது. மக்காரிஸன் இந்தியாவின் பல பிரதேசத்தார் உண்ணும் ஆகாரங்களைத் தனித்தனியே எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியரின் ஆகாரத்தை உண்ட எலிகள் செழித்து வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை ராஜதானி ஏழைகளின் ஆகாரத்தை உண்டவை மெலிந்து நோயுற்றன. தென்னாட்டார் பிறவியிலேயே வலிவற்றவர் என்று அந்நாளில் பேசித் திரிந்தவர்களுக்கு இதைவிடத் தக்க விடை வேறு வேண்டுமோ? குறை இரத்தத்தில் இல்லை, இலையில் இருந்தது.

1935-ல் அவருக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, எலிகளைவிட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடமே வந்தார். அவரும் அவருடைய சகாக்களும் தென்னாட்டுப் பாடசாலைப் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும், கண், தோல், வாயோரம் ஆகியவற்றில் தோன்றும் சத்துக்குறைவின் அடையாளங்களையும் சோதித்தனர். வழக்கமான உணவோடு வெண்ணெய் எடுத்த பாலைச் சேர்த்துக் கொடுத்தபோது, அதைப் பெறாத பிள்ளைகளைவிடப் பெற்ற பிள்ளைகள் உயரத்திலும் எடையிலும் முந்தினர். இதை அவர்கள் 1937-ல் வெளியிட்டனர். இவ்வளவு சிறிய சேர்க்கையால் ஒரு குழந்தையின் வளர்ச்சியை மாற்றக்கூடும் என்று தெரிந்த பிறகு, அதைச் செய்யாதிருப்பதற்கு அறியாமையைக் காரணம் காட்ட நமக்கு இடமில்லை.

தமிழ்நாடு சும்மா இருந்துவிடவில்லை. 1920-ல் சென்னை நகரசபை ஆயிரம்விளக்கில் தொடங்கிய பகலுணவு, 1956-ல் காமராஜர் காலத்தில் மாகாணமெங்கும் பரவியது. 1982-ல் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் தொடங்கிய காலை உணவு, 2023 ஆகஸ்டு முதல் சர்க்கார் ஆரம்பப் பாடசாலைகள் அனைத்துக்கும் நீண்டது. விடிந்ததும் கொழுந்து பறிக்கப் புறப்படும் தாயின் குழந்தைக்கு இது எத்தகைய உதவி என்பதைத் தோட்டத்து லயங்களை அறிந்தவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அங்ஙனமிருந்தும், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இம்மாநிலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேர் சோகையுற்றவர்கள். ஆரம்பப் பாடசாலையின் வாயிலில் நாளை வந்து நிற்கப்போகும் குழந்தைகள் இவர்களே. ஆகவே பாடசாலையில் இடும் உணவோடு காரியம் முடிந்துவிடவில்லை. வீட்டிலும் சில வழக்கங்கள் மாறவேண்டும்.

முதலாவது, தேநீர். இம்மலையின் பிழைப்பே தேயிலைதான். அதை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் தேயிலையின் துவர்ப்புச் சத்து, ஆகாரத்திலுள்ள இரும்புச் சத்தைப் பற்றிக்கொண்டு, தேகத்தில் சேரவொட்டாமல் தடுக்கிறது. குளிருக்கு இதமென்று சோற்றோடும் ரொட்டியோடும் குழந்தைக்குத் தேநீர் கொடுக்கும் வீட்டில், கீரையும் பருப்பும் தந்த பயனில் ஒரு பகுதி அக்கோப்பையிலேயே போய்விடுகிறது. சூடாக ஏதேனும் வேண்டுமாயின் கேழ்வரகுக் கூழ் கொடுக்கலாம். பால் கிடைத்தால் பாலே மேல். கீரையோடும் பருப்போடும் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச் சத்து நன்கு சேரும். ஒருகாலத்தில் சாமையும் கேழ்வரகும் இம்மலையிலேயே விளைந்து, இங்குள்ளோரை வளர்த்தன. அவற்றின் நிலத்தைத் தேயிலையும் உருளைக்கிழங்கும் பெரும்பாலும் எடுத்துக்கொண்டன. அடுப்பிலிருந்தும் அவை மறைய வேண்டுமென்பதில்லை. அரிசியே உண்பவர்கள், மிகத் தீட்டாத புழுங்கலரிசியைக் கொள்வது நலம்.

இரண்டாவது, கொக்கிப்புழு. வெம்மையும் ஈரமும் நிழலும் பொருந்திய மண்ணில் வாழும் இப்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. கழிப்பிடம், காலில் செருப்பு, பாடசாலையில் கொடுக்கும் பூச்சி மாத்திரை ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றி இது ஒழியாது. மாத்திரை கொடுக்கும் நாளில் குழந்தையை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் பெற்றோர், நன்மை செய்வதாக எண்ணித் தீமை செய்கின்றனர்.

மூன்றாவது, எல்லாச் சோகையும் ஒன்றல்ல என்பதை அறிதல். இரத்த அணுக்கள் அரிவாள் வடிவாக வளையும் பரம்பரை நோயின் அடையாளம் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடங்களுள் நீலகிரியும் ஒன்று. 1952-ல் இங்குள்ள ஆதிவாசிகளிடையே அது காணப்பட்டது. தாய் தந்தை இருவரிடமும் அந்த அம்சம் மறைந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. குளிரும் தாகமும் அதன் வலியைத் தூண்டும். மார்கழிக் குளிரில் கை கால் நோவதாக அழும் பிள்ளையைச் சோம்பேறி என்று உபாத்தியாயர் வைதால், அது அறியாமையால் விளையும் கொடுமையாகும். இரத்தப் பரிசோதனை, கம்பளி, அடிக்கடி குடிநீர், விரைந்த வைத்தியம் ஆகியவையே அப்பிள்ளைக்கு வேண்டும். 1990 முதல் கூடலூரில் இயங்கும் ஆதிவாசி ஆஸ்பத்திரியில் ஆதிவாசிப் பெண்களே தாதிகளாகவும் சுகாதார ஊழியர்களாகவும் பயிற்சி பெற்று இத்தொண்டில் ஈடுபட்டிருப்பது, நாட்டுக்கு ஒரு முன்மாதிரி.

இவற்றையெல்லாம் யார் கவனிப்பது? 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் இதற்கு வழி வகுத்திருக்கிறது. சர்க்கார் பாடசாலை ஒவ்வொன்றிலும் அமைய வேண்டிய மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். ஆனால் கூலி நாளில், கொழுந்து பறிக்கும் வேளையில் கூட்டம் வைத்தால் தாய் எங்ஙனம் வருவாள்? ஒரு நாட் கூலியை இழந்து வரும்படி அவளைக் கேட்பது நியாயமன்று. வேலை முடிந்த மாலையிலோ விடுமுறை நாளிலோ கூட்டம் நடத்தும்படி ஊர்த் தொண்டர்கள் வற்புறுத்த வேண்டும்.

அக்கூட்டத்தில் கேட்க வேண்டியவை சிலவே. காலை உணவு ருசியாகவும் வேளைக்கும் வருகிறதா? ஒவ்வொரு பிள்ளையின் எடையும் உயரமும் அளக்கப்பட்டு, பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்டனவா? வைத்தியக் குழு இவ்வாண்டு வந்ததா? அது குறிப்பிட்ட பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தனரா? கடைசிக் கேள்வியையே முக்கியமாகக் கருதுகிறோம். நோய் இன்னதென்று சீட்டு எழுதியதோடு விட்டுவிட்டால் குழந்தை பிழைக்காது.

பொதுக்கூட்டங்களில் தேசத்தின் வருங்காலத்தைப் பற்றிப் பேசுகின்ற அன்பர்கள், தங்கள் ஊர்ப் பாடசாலைக் குழு அடுத்த முறை கூடும்போது அங்கே சென்று அமர்வார்களாக. குழந்தையின் ஆகாரம் பெண்களின் காரியம் என்று ஒதுங்கி நிற்கும் தகப்பன்மாரையும் உடன் அழைத்துச் செல்வார்களாக. குன்னூரில் ஓர் அறையில் தொடங்கிய அறிவு, அதே மலையின் லயத்து அடுப்பை இன்னும் முழுவதும் எட்டவில்லை. அதை எட்டச் செய்வது நமது கடமை.