தமிழ்ப் பாடத்துக்கு என்ன கட்டணம்?

1845-இல் அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டியது முதல் கொடைக்கானல் வெளிநாட்டவர் வந்து தங்கும் ஊர். அவர்களுக்குத் தமிழ் சொல்லித்தரப் மலைக்கிராமமான பூம்பாறையிலிருந்து ஒருவர் போனால், பாடம் ஒரு மணி நேரம்தான். ஆனால் சுமார் 18 கிலோமீட்டர் மலைச்சாலையில் போய்வர வேண்டும், முந்தின இரவே பயிற்சித்தாள் எழுத வேண்டும். அந்த நேரமும் கட்டணத்தில் சேர வேண்டும். ‘தாய்மொழிதானே, இதற்கென்ன காசு?’ என்பார்கள். பேசுவது வேறு, ‘வாங்க’ எப்போது வரவேற்பு, எப்போது கடைக்காரரிடம் பொருள் வாங்குவது என்று பிரித்துக் காட்டுவது வேறு. 1812-இல் தொடங்கிய சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியே கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகளுக்குக் கற்பிக்கத் தமிழ்ப் புலவர்களைச் சம்பளத்துக்குத்தான் வைத்தது. அதற்காக, வெள்ளைக்காரர் என்று இரட்டிப்பாகக் கேட்பதும் தப்பு. உழைப்புக்குத்தான் விலை, பாஸ்போர்ட்டுக்கு அல்ல. பாடக் கட்டணத்தையும் பஸ் செலவையும் தனித்தனியாக, முதல் பாடத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.