மலைக்குக் கிளம்பியவன் – 9: எழுபத்துநாலு படி

மேல்பட்டாம்பாக்கத்துத் தம்பி மலை வழிகாட்டி ஆகப்போகிறேன் என்று சொன்னதும், அவன் அப்பா மறுநாளே நெய்வேலி வேலைக்கு விண்ணப்பம் வாங்கி வந்ததும் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதியவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் கயிறும் முடிச்சும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எழுத உட்கார்ந்தேன், நடுவில் லாம்டன் துரை வந்து உட்கார்ந்துகொண்டார்.

வந்த கதை இது. நம் பக்கத்தில் மலை கிடையாது. கண்ணுக்கு மலை மாதிரி தெரிவது நெய்வேலிச் சுரங்கத்து மண்மேடுதான். அதில் நினைத்தவர் நினைத்தபடி ஏற முடியாது. ஆகவே தம்பி விடியுமுன் பைக்கை எடுத்துக்கொண்டு திருவந்திபுரம் போகிறான். தேவநாதசுவாமி கோயிலுக்கு எதிரே ஔஷதகிரி, உச்சியில் ஹயக்ரீவர், ஏறுவதற்கு 74 படி. முதுகுப்பையில் பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்று. மணல் மூட்டை கட்டினால் பை கிழிகிறதாம்.

அடிவாரத்தில் பூ விற்கிற ஆயா கேட்டிருக்கிறார்: "திரும்பத் திரும்ப ஏறி எறங்குறியே, பரீட்சையா கண்ணு?"

"ஆமாம் ஆயா."

"அதுக்குப் பலாப்பழம் எதுக்கு? பேனா வெச்சுக் கும்புடு, போதும்."

படிக்கு அரை அடி என்று வைத்தால் ஒரு தடவைக்கு 37 அடி. எவரெஸ்டின் உயரம் 8,848.86 மீட்டர், அதாவது ஏறக்குறைய 29,032 அடி. ஔஷதகிரியை ஏறக்குறைய 785 தடவை ஏறினால் கணக்கு சரியாகும். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப்போனபோது சிந்திய துண்டுதான் இந்தக் குன்று என்பது தலபுராணம். இமயத்தின் ஒரு துணுக்கு கடலூர்ப் பக்கம் கிடக்கிறது என்று சொன்னால் தம்பி சிரிக்கிறான்.

சிரிக்கட்டும். புராணத்தை விட்டுவிட்டு வரலாற்றுக்கு வருகிறேன். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் சங்கிலி போட்டு அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கிளம்பியதுதான் இந்தியாவை அளந்த மாபெரும் சர்வே. அதன் முதல் தீர்க்கரேகை வில் சோழமண்டலக் கரையை ஒட்டி, நூறு மைலுக்குச் சற்று மேல் நீளம். வட முனை சென்னைக்கு வடக்கே. தென் முனை எது தெரியுமா? இதே திருவந்திபுரம்! அங்கே உட்கார்ந்து வானத்து நட்சத்திரத்தைப் பார்த்து அட்சரேகை குறித்திருக்கிறார் மனிதர். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த முக்கோணங்கள் நாட்டை ஏறிக்கடந்து இமயத்தின் அடிவாரம்வரை போயின. லாம்டன் 1823இல் வழியிலேயே இறந்துபோனார். எவரெஸ்டை அளந்தவர்கள் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. 1849-50இல் நூறு மைலுக்கு அப்பால் சமவெளியில் நின்று கோணம் எடுத்தார்கள். ராதாநாத் சிக்தர் கணக்குப் போட்டார். 1856இல் வெளியான எண் 29,002 அடி. இன்றைய கணக்கோடு ஒப்பிட்டால் முப்பதடி வித்தியாசம்.

மலையேறுகிறவனுக்கு இதனால் என்ன என்று ஆசிரியர் கேட்பார். இருக்கிறது. திபெத்துக்குள் வெள்ளைக்காரர்கள் நுழைய முடியாதபோது, இதே சர்வேக்காரர்கள் டேராடூனில் பழக்கி அனுப்பியவர் மிலம் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் நைன்சிங். ஒரே அளவாக அடி வைக்க அவரைப் பழக்கினார்கள். இரண்டாயிரம் நடைக்கு ஒரு மைல். ஜபமாலையில் 108க்குப் பதில் 100 மணி. நூறு நடைக்கு ஒரு மணி நகரும். மாலை ஒரு சுற்று வந்தால் ஐந்து மைல். குறிப்புகள் ஜபச்சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கும். 1866இல் லாசாவுக்கே போய்விட்டார்.

மேகம் இறங்கி எதிரே நிற்கும் ஆள் தெரியாதபோது, குளிரில் கருவியின் பேட்டரி செத்தபோது, வழிகாட்டிக்குத் துணை திசைகாட்டியும் நடைக் கணக்கும்தான். தம்பி இப்போது பண்ருட்டி சாலையில் கிலோமீட்டர் கல்லுக்குக் கல் எண்ணுகிறான். பலாப்பழம் இருந்தால் நடை சுருங்குகிறது, எண்ணிக்கை கூடுகிறது. பாரத்தோடு ஒரு கணக்கு, பாரமில்லாமல் ஒரு கணக்கு என்று பழைய நாட்காட்டியின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறான்.

படிப்பைப் பற்றிக் கேட்டு எழுதியவர்களுக்குச் சுருக்கமாக: டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கிய நிலையம், டென்சிங் களப்பயிற்சிக்குப் பொறுப்பேற்ற இடம். உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிலையம், பச்சேந்திரி பால் பயின்ற இடம். இரண்டிலும் அடிப்படைப் படிப்பு 28 நாள். அதில் 'ஏ' கிரேடு வாங்கினால்தான் மேற்படிப்பு. பிறகு பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் படிப்பு, தேடி மீட்கும் படிப்பு. இவ்வளவும் முடித்தாலும் அடுத்தவர் உயிரைக் கயிற்றில் கோத்து அழைத்துப்போகும் அனுபவத்துக்குத் தனியே வருஷங்கள் வேண்டும். அடிப்படையில் தேறுவதே பெரிய காரியம் என்று தம்பி பயப்படுகிறான், பயப்படவேண்டியதுதான்.

உத்தரகாசி நிலையம் பிறந்தது 1965 நவம்பர் 14, நெய்வேலி நிறுவனம் பிறந்தது 1956 நவம்பர் 14. அப்பாவிடம் சொல்லிப் பார் என்றேன். சொன்னானாம். "ஒம்பது வருஷம் மூத்ததுலயே சேரு" என்றாராம்.

முடிச்சு அடுத்த வாரம், நிச்சயமாக. பழகுவதற்கென்று தம்பி வாங்கி வந்த கயிற்றில் இப்போதைக்கு அவன் அம்மா துணி காயப்போட்டிருக்கிறார்.

(தொடரும்)