செட் பாயின்ட்டும் கடைமடையும்

சீர்காழி வட்டாரத்து நெல்லைப் புழுங்கலரிசியாக்கும் நவீன ஆலைகளில், டிரையரை ஒட்டிய பேனலில் கைக்கடக்கமான ஒரு பெட்டி பெரும்பாலும் இருக்கும். அதில் இரண்டு வரிசை எண்கள். மேலே பி.வி., அதாவது உள்ளே போகும் காற்றின் இப்போதைய சூடு. கீழே எஸ்.வி., நாம் கேட்டிருக்கும் சூடு. ஆபரேட்டர்கள் இதைச் ‘செட் பாயின்ட்’ என்பார்கள்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ‘எரர்’. யாரோ தப்புச் செய்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. 90 டிகிரி கேட்டு 84 இருந்தால் எரர் 6, அவ்வளவே. அதைப் பார்த்து நீராவி வால்வை எவ்வளவு திறப்பது என்று பெட்டி போடும் கணக்குக்குப் பெயர் பி.ஐ.டி. இப்போதைய வித்தியாசத்தை ‘பி’ பார்க்கிறது. இதுவரை சேர்ந்த பாக்கியை ‘ஐ’ கூட்டி வைக்கிறது. வித்தியாசம் மாறும் வேகத்தை ‘டி’ கவனிக்கிறது. கப்பலைத் திசை மாறாமல் செலுத்துவதை ஆராய்ந்து நிகோலஸ் மினோர்ஸ்கி 1922-இல் எழுதிய கணக்கு இது. மூன்றுக்கும் எவ்வளவு இடம் தருவது என்பதற்கு சீக்லரும் நிக்கல்ஸும் 1942-இல் ஒரு வழி சொன்னார்கள். அந்த வேலைதான் ‘டியூனிங்’.

டியூனிங் சரியில்லாவிட்டால் சூடு 90-ஐத் தாண்டும், சறுக்கும், மறுபடி தாண்டும். “லூப் ஹன்டிங் ஆகுது” என்பார்கள். இதற்குப் பல சமயம் காரணம் ‘டெட் டைம்’: வால்வைத் திறந்த பிறகும் சென்சாரில் எந்த மாற்றமும் தெரியாத நேரம். பொறுமை இல்லாதவர் இன்னும் கொஞ்சம் திறப்பார். பிறகு எல்லாம் சேர்ந்து வரும்.

டெல்டாக்காரர்களுக்கு இது புதிதல்ல. 2025-இல் மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட்டது. கல்லணை திறந்தது 15 அன்று. சீர்காழிக் கடைமடைக்குத் தண்ணீர் வர அதன் பிறகும் பல நாள் ஆகும். அணையை மூடினாலும் அப்படித்தான், ஏற்கெனவே புறப்பட்ட தண்ணீர் வந்தே தீரும்.

நடுவில் யாரும் கேட்காத ஒன்று நுழைந்தால் அது ‘டிஸ்டர்பன்ஸ்’. 2022 நவம்பர் 12 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சீர்காழியில் சுமார் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமா? வயல் மூழ்கிய பிறகு மதகைத் தொடுவது ‘ஃபீட்பேக்’. மழை எச்சரிக்கையைப் பார்த்து முன்கூட்டியே தண்ணீரைக் குறைப்பது ‘ஃபீட்ஃபார்வர்ட்’.

பேனலுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அது அளப்பது காற்றின் சூட்டை. ஆலைக்கு வேண்டியதோ நெல்லின் ஈரப்பதம். அவித்த நெல்லில் 35 சதவீதம் அளவுக்கு இருக்கும் ஈரம் 14-க்கு இறங்க வேண்டும். அவசரப்பட்டு உலர்த்தினால் அரைவையில் நொய் கூடும். அதனால் பி.வி.யும் எஸ்.வி.யும் ஒன்றாகவே நின்றாலும், ஆபரேட்டர் டிரையரிலிருந்து ஒரு பிடி நெல்லை எடுத்து மாய்ஸ்சர் மீட்டரில் போட்டுப் பார்க்கிறார். 16 காட்டினால் நெல் டிரையரில் இன்னும் சுற்ற வேண்டியதுதான்.